வயிற்றுக் கைமாற்று

செந்நிலத்தில் காலையில் எழுந்ததும் கழிவறையிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் சமையலறைக் குழாயில் தண்ணீர் வரும். இருக்கைக்கு அடியில் பதித்திருக்கும் கழிவாய்வி, தன்னிடம் வந்து சேர்ந்ததைப் பிரித்துப் பார்த்து, நோய் இல்லை என்று கண்டால் வாசற்கதவின் மேல் பச்சை விளக்கை எரியவிடும். இருந்தால் சிவப்பு. சிவந்த வீட்டில் குழாயும் திறக்காது, கதவும் திறக்காது. மூன்று வாரம் குடும்பத்தோடு ஒதுக்கம். அளந்து ஊற்றும் தண்ணீரும் சோறும் சுவரில் ஒரு துளை வழியாக வரும்.

செவ்வாய்க் கிரகத்தில் பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து முதல் விண்கலத்தில் போன குடும்பங்களின் பேரன் பேத்திகள் அங்கே வாழ்ந்தார்கள். ஊருக்கு இருந்தது ஒரே தண்ணீர். மனிதர் குடித்ததும் குளித்ததும் கழித்ததும் வடிசவ்வு வழியாக மாடுகளுக்குப் போகும். மாடுகள் கழித்தது இன்னொரு வடிசவ்வு வழியாக மனிதருக்குத் திரும்பி வரும். சவ்வு தேய்ந்தால் குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் நழுவிவிடும். அந்த முட்டையின் ஓடு எந்த மருந்துக்கும் மசியாது; கொதிநீரில்தான் சாகும். ஊர்த்தொட்டியைத் தினமும் கொதிக்கவைக்க மின்சாரத்துக்கு எங்கே போவது? அதனால் எங்காவது ஒரு விளக்கு சிவந்தால் மட்டும் கொதிக்கவைப்பது என்று ஏற்பாடு.

தொழுவத்திலும் இதே விளக்குதான். எந்த மாடு சாணி போட்டது என்பதைக் காதில் பொருத்திய சில்லு சொல்லிவிடும். மனிதர் கழிவறையிலும் உட்கார்ந்தது யார் என்று அறிய ஒரு கண் வைக்கலாமா என்று ஆரம்பத்தில் பொறியாளர்கள் கேட்டார்கள். ஊரே பொங்கி எழுந்தது. அந்த இடத்திலுமா கண்? மானம் மரியாதை வேண்டாமா? கடைசியில் வைக்காமலே விட்டுவிட்டார்கள்.

தாட்சாயணிதான் ஊரின் மாட்டு வைத்தியர். பூமியிலிருந்து உறைநிலையில் வந்த கருக்களைச் செயற்கைக் கருப்பையில் வளர்த்து ஆளாக்கிய மந்தை அவளுடையது. அதில் செவலை என்ற பசு இப்போது நிறைசினை. அந்தக் கிரகத்தில் ஒரு தாய் வயிற்றிலிருந்து விழப்போகும் முதல் கன்று என்பதால் அவள் பல வாரங்களாகத் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை இல்லாத குறையை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. செவலையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கும்போது அந்தக் குறை அவளுக்கு இல்லாமல் போகும்.

அப்படி இருக்கையில்தான் செவலையின் விளக்கு சிவந்தது. மறுநாள் பாதி மந்தை சிவந்தது. ஊர்த்தொட்டியைக் கொதிக்கவைத்தார்கள், வீடுகளில் வெப்பம் நின்று ஊர் குளிரில் நடுங்கியது. விளக்குகள் பச்சைக்குத் திரும்பி, சில நாளில் மறுபடி சிவந்தன. மறுபடி கொதிக்கவைத்தார்கள். மறுபடியும் சிவந்தன. இதற்கிடையில் மேல்வரிசையில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் வற்றிச் செத்துப்போனது. கைக்குழந்தைக்குக் கழிவறை ஏது, விளக்கு ஏது?

ஊர் மன்றம் கூடியது. தலைவர் அருள்வரதன் நல்ல மனிதர். ஆனால் கொதிக்கவைக்கச் செலவான மின்சாரத்தின் கணக்கு அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"மந்தையை முடிச்சுரலாமுங்க. வேற வழியில்ல" என்றார்.

"மாடுகளுக்கு முன்னாடி மனுசங்க யாருக்கும் வயித்தால போகலீங்களா? ஒருத்தருக்குக்கூடவா?" தாட்சாயணி எழுந்து நின்றாள். "அப்படி ஒருத்தர் இருந்தாப் போதும். சீக்கு மாட்டுலருந்து வரலைன்னு ஆயிரும்."

"விளக்கைப் பாருங்கம்மா. மனுசங்க வீடு ஒண்ணுகூடச் செவக்கல. மெசினு பொய் சொல்லுமுங்களா?"

கூடியிருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் கணவன் கனகசபையும் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"செவலைக்கு முன்னாடியே எனக்கு வயித்தால போச்சு, தாட்சா."

"நம்ம விளக்கு பச்சையாத்தானே இருந்துச்சு?"

"பக்கத்து வீட்டு பிலோமினாவைக் கூப்பிட்டேன். கைமாத்து."

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். வயிறு கெட்டால் நல்ல வயிறு உள்ள பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நம் கழிவறையில் உட்காரச் சொல்வது. பிறகு அவர்களுக்குத் தேவைப்படும்போது நாம் போவது.

"சக்கரை கேக்கற மாதிரிதான். ஊர்ல யாரு கேக்காம இருக்காங்க? அந்த வாரந்தான் சூரியத்தகடு மேற்பார்வைக்கு ஆள் எடுத்தாங்க. ஒதுக்கத்துல உக்காந்திருந்தா அந்த வேலை கிடைச்சிருக்குமா?"

"உங்களுதை என்ன பண்ணுனீங்க?"

"குளிக்கற அறை வடிகால்ல ஊத்திட்டேன்."

அந்த வடிகாலும் தேய்ந்த சவ்வு வழியாக மாட்டுத் தொட்டிக்குத்தான் போகிறது. தாட்சாயணிக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் இதை மன்றத்தில் சொன்னால் குழந்தையின் சாவு அவன் தலையில் விழும். அதற்குத் தண்டனை வெளியேற்றம். வெளியே மூச்சுவிடக் காற்றில்லை.

மாடுகளைக் கொல்லும் ஊசியை அவள்தான் போட்டாள். வேறு யார் போட்டாலும் மாடுகள் மிரளும் என்றாள். அவளைக் கண்டதும் ஒவ்வொன்றும் வழக்கம்போலக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. செவலையை மட்டும் மயக்கி, வயிற்றைக் கீறிக் கன்றை உயிரோடு எடுத்தபின் முடித்தாள். அன்று அவள் அழுத அழுகையை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

கன்றைத் தனி அறையில் வைக்க மன்றம் சம்மதித்தது. ஒரு மாதம் பச்சை காட்டினால் அதுவே புது மந்தையின் முதல் மாடு. சிவந்தால் இனி ஊரில் மாடே கிடையாது. தண்ணீரைத் தன் கையால் கொதிக்கவைத்து ஆற்றி, பால்மாவு கரைத்துக் கொடுத்தாள். தாயில்லாக் கன்றுக்கு வாளியில் குடிக்கப் பழக்குவது எப்படியோ அப்படித்தான்: பாலில் விரலை நனைத்து வாயில் வைக்க, கன்று விரலைச் சப்பிக்கொண்டே பாலுக்குள் முகத்தை இறக்கும். நாளுக்கு நாள் தேறி வந்தது. விளக்கும் பச்சையாகவே இருந்தது.

மாதம் முடியச் சில நாள் இருக்கையில், காலையில் தாட்சாயணியின் வயிறு முறுக்கியது. முறுக்கலோடு போக்கும் வந்தது. அது என்ன என்று வைத்தியருக்குத் தெரியாதா? கழிவறையில் உட்கார்ந்தால் சிவப்பு, கதவு பூட்டிக்கொள்ளும். கன்றின் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட ஊரில் வேறு ஆள் இல்லை. பட்டினியில் செத்துவிடும். அவள் வடிகாலில் காரியத்தை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பிலோமினா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "அக்கா, நீங்களுமா?"

"கன்னுக்குட்டிக்காக, பிலோமினா. மாசம் முடியற வரைக்குந்தான்."

பச்சை எரிந்தது. குழாய் திறந்தது. தாட்சாயணி அந்தத் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு போய்ப் பாலில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள். கன்று ஆசையாகச் சப்பியது. அடுத்தடுத்த நாள்களும் அப்படியே போயின.

மாதம் முடிவதற்கு முந்தைய நாள் கன்று கழிந்தது. விளக்கு சிவந்தது. அதற்குக் கைமாற்றுத் தர யாரும் இல்லை. கேட்கவும் அதற்குத் தெரியாது.

அருள்வரதன் கன்றின் அறை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். "பாருங்கம்மா, தனியா வச்சும் வந்துருச்சு. தாய் வயித்துலயே வாங்கிட்டு வந்துருக்குது. மாட்டோட பொறந்த சீக்குங்க இது." பிறகு கடமைக்காகக் கேட்டார்: "உங்க வீட்டு விளக்கு எப்படிங்க?"

கன்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும். கன்றுக்கு அது உயிர். ஊருக்கும் அதுவே உயிர். ஆனால் அவள் ஒருத்தி சொன்னால் பிலோமினாவும் கனகசபையும் என்ன ஆவார்கள்?

"பச்சைங்க" என்றாள்.

கன்றும் போன பிறகு செந்நிலத்தில் ஒரு விளக்கும் சிவக்கவில்லை. சிவக்காததால் தொட்டியை யாரும் கொதிக்கவைக்கவில்லை. நோயை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று மன்றம் பூமிக்குச் செய்தி அனுப்பி, வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுத்தது.

இனிப்பு வந்த அன்றே பிலோமினா கதவைத் தட்டினாள். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"அக்கா, சின்னவளுக்கு ரெண்டு நாளா நிக்கவே மாட்டேங்குது. எனக்கும் அப்படித்தான். ஒரு கைமாத்து..."

"எனக்கே இன்னும் நிக்கல கண்ணு. அவருக்கும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப வேற யாரைக் கேக்கறது?"

இருவரும் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். கடைசி வரை எல்லாக் கதவின் மேலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் எந்த வீட்டில் நல்ல வயிறு மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.