நடுவில் இல்லாத படங்கள்

பேருந்திலிருந்து கதாநாயகன் இறங்கினான். அவன் இறங்கிய விதம் ஜெயமேரிக்கு என்னவோ போலிருந்தது.

பதினைந்து வருடமாக அவள் பார்த்துவரும் படம். பஸ் எங்கே குலுங்கி நிற்கும், புழுதி எப்போது எழும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். ஆனால் இன்று அவன் நடிகன் மாதிரி இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பொம்மையன் மொபட்டை விட்டு இறங்குவதுபோல, சினிமா என்கிற தூரமே இல்லாமல், எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வருவதுபோல இறங்கினான். கூடத்தில் இன்னும் புது டிவியின் பிளாஸ்டிக் வாடை போகவில்லை. பிரித்துப்போட்ட தெர்மாகோல் துண்டுகள் மின்விசிறிக் காற்றில் சுவரோரம் கிறீச்சிட்டு நகர்ந்தன. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கணவர் பிரான்சிஸ் வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார், திரும்ப இருட்டிவிடும். கிறிஸ்துமஸுக்கென்று அவர் ஆசையாக வாங்கிய டிவி அது.

பள்ளிக்கூட டீச்சரான அவள் இந்தப் படத்தைக் கதைக்காகப் பார்ப்பதில்லை. தாடிக்கொம்புக் கடைவீதியில் எடுத்த இந்த ஒரு காட்சிக்காகத்தான் பார்ப்பாள். கதாநாயகன் இறங்கியதும் அவனுக்குப் பின்னால், நீலத் தாவணியில் ஒரு பெண் கூட்டத்தோடு கடந்துபோவாள். பாதி வழியில் சட்டென்று தலையைத் திருப்புவாள். இரண்டே வினாடி. அவள்தான் லிடியா, ஜெயமேரியின் தங்கை.

இப்போதும் லிடியா வந்தாள். திரும்பினாள்.

எப்போதும் கன்னம் மட்டும் தெரியும். இன்று இடது கண்ணும் தெரிந்தது.

ஜெயமேரி படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டாள். பஸ், புழுதி, கதாநாயகன், நீலத் தாவணி. இந்த முறை தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது. மூக்கும் தெரிந்தது.

டிவியை மாட்டிவிட்டுப் போன கடைக்காரர் சேவியருக்கு அவள் போன் போட்டாள்.

"சேவியர், படம் ஒரு மாதிரி ஓடுது. ஆளுக நெசத்துல நடக்கற மாதிரி இருக்கு."

"அது கோளாறு இல்ல டீச்சர். சினிமாவுல ஒரு செகண்டுக்கு இருவத்திநாலு போட்டோதான். இந்த டிவி ரெண்டு போட்டோவுக்கு நடுவுல இல்லாத போட்டோவத் தானாச் செஞ்சு சொருகிக்கிரும். அதான் இம்புட்டு வழுவழுன்னு ஓடுது."

"இல்லாததைச் செய்யுமா?"

"ஆமா டீச்சர். இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு, அந்தப் பக்கம் என்ன வருதுன்னு பாத்து, நடுவுல இப்படித்தான் இருந்திருக்கும்னு போட்டுக்கிரும். பிடிக்கலைன்னா மெனுவுல போயி அமத்திருங்க."

நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை.

நடுவில் என்ன இருந்தது என்று ஜெயமேரிக்குத் தெரியும். படம் எடுத்த அன்று அக்காளும் தங்கையும் தங்கள் ஊரான அகரத்திலிருந்து நடந்தே போய் ஷூட்டிங் பார்த்தார்கள். கூட்டத்தில் நடக்க ஆள் எடுத்தபோது லிடியா ஓடிப்போய் நின்றுகொண்டாள். பொழுது சாய்ந்தது. "செத்த நேரம் இரு அக்கா, ஒண்ணாப் போவோம்" என்று கெஞ்சினாள். ஜெயமேரிக்கு எரிச்சல். தேடி அலையட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். அம்மாவிடம், "பின்னாடி வாரா" என்று பொய் சொன்னாள். மூன்றாம் நாள் வழியில் இருந்த வயல்கிணற்றில் லிடியா மிதந்தாள். கால் தவறியதா, வேறென்னவா, யாருக்கும் தெரியாது.

அந்தத் திரும்பல், அக்காவைத் தேடித் திரும்பியது. ஜெயமேரி அதை யாரிடமும் சொன்னதில்லை, பிரான்சிஸிடம்கூட.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அமத்திவிடலாம் என்று மறுபடி போட்டாள்.

பஸ் நின்றது. புழுதி எழுந்தது. லிடியா கூட்டத்தோடு வந்து, மெதுவாக, இடையில் எங்கும் வெட்டில்லாமல், முழுதாகத் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். அன்று மழையே இல்லை, ஊரே காய்ந்து கிடந்தது. ஆனாலும் அவள் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தாவணி முனையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயமேரி ரிமோட்டை அழுத்தினாள். மெனு. பிக்சர். அதற்குள் இன்னொரு பட்டியல். கண்டுபிடித்து அமத்தினாள்.

கதாநாயகன் பழையபடி ஆனான். பஸ்ஸும் புழுதியும் பழையபடி லேசாக விட்டுவிட்டு அசைந்தன, சினிமாவாக ஆயின. அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது.

லிடியா மட்டும் வழுவழுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

காட்சி மாறியது. கோர்ட். கூண்டில் ஒருவன் நிற்கிறான், வக்கீல் கை நீட்டிப் பேசுகிறார். அவருக்குப் பின்னால், நீதிபதியின் மேசையைத் தாண்டி, நீலத் தாவணி. மறுபடி மாறியது. கல்யாண மண்டபம். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவள். முன்பைவிடப் பெரிதாக. அவள் நடந்த இடமெல்லாம் தரை ஈரம்.

ரிமோட் கையில் இருந்தது. சிவப்புப் பொத்தானின்மேல் கட்டைவிரல் இருந்தது.

அழுத்தினால் போதும்.

அழுத்தினால், மறுபடியும் அவளை அங்கே விட்டுவிட்டு வந்ததாகிவிடும்.

விரல் இறங்கவில்லை.

மண்டபத்தில் மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே தலை தூக்கினான். நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஓசையில்லை. எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

அவளுக்கு வழிவிட்டார்கள்.

லிடியா வந்தாள். இடுப்புவரை. தோள்வரை. முகம் மட்டும்.

உதடு அசைந்தது. "அக்கா."

கிணற்றுப் பாசி வாடை.

முகம் நின்றது. அதற்குப் பின்னால், இரண்டு வரிசையிலும், மண்டபம் முழுக்க, அத்தனை பேரும் ஜெயமேரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.