இடத்தோளுக்குச் செய்த துவக்கு

அன்பான வாசகர்களே, எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த மழைக் குளிருக்குத் தடிமன், முழங்கால் நோ என்று ஒருவரும் படுக்கவில்லையே? படுத்திருந்தால் ஒரு கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள்.

அன்று அமலினி இத்தாலியில், வியா மக்வேதா என்ற வீதி வழியாக ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், பேருந்தைத் தவறவிட்டவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் தவறவிட இருந்தது புருஷனை. வழக்கறிஞர்களுக்காகத் துப்பறியும் ஜோக்கிமை வீட்டில் தேடிப் போனால், அவர் தன் மருமகளோடு துவக்குக் கடைக்குப் போய்விட்டார் என்றார்கள். துவக்குக் கடை! துப்பாக்கி விற்கிற அந்த இடத்தை நோக்கித் திரும்பி ஓடினாள்.

கடைக்குள் சுவர் முழுக்கத் துவக்குகள். நடுவில் கேசிகா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இரட்டைக் குழல் துவக்கைத் தோளில் வைத்தபடி நின்றாள். களிமண் தட்டை வானில் எறிந்து சுடுகிற கழகத்தில் சேர்ந்திருந்த பெண் அவள். தனக்கென்று முதல் துவக்கு வாங்க வந்திருந்தாள்.

"இப்போது கண்ணைத் திற" என்றார் கடைக்காரர். "உன் கண் குழலுக்கு நேர் மேலே இருக்கிறதா?"

"இல்லை. இடப்பக்கம் விலகி நிக்குது. கட்டை கன்னத்திலை வேறை இடிக்குது."

கடைக்காரர் சிரித்தார். "இடிக்கும். வேண்டுமென்றுதான் தந்தேன். இது இடக்கைக்காரருக்கு வளைத்த மரம். நீ வலத்தோளில் வைத்தால் ஒரே வெடியில் கன்னம் கறுத்துப் போகும். குறியும் இடப்பக்கம் தப்பும். சப்பாத்து மாதிரித்தான் துவக்கும். அடுத்தவருடையது கடிக்கும்."

"மாமா, அப்ப எனக்கு அளவானது..." என்று திரும்பிய கேசிகா, வாசலில் நின்ற பெண்ணைக் கண்டு துவக்கைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் துவக்கு விளையாட்டு" என்றாள் அமலினி. "எனக்கு அதாலைதான் குடும்பமே போகுது. ஜோக்கிம் அண்ணை, நாளைக்குக் காலமை என்ரை மனுசன் செய்யாததைச் செய்தனெண்டு சொல்லப்போறார்."

ஜோக்கிம் அவசரப்படாத மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ தங்கச்சி. முதல்லை மூச்சை விடுங்கோ. பிறகு முதல்லையிருந்து சொல்லுங்கோ" என்றார்.

அவள் சொன்னாள். அவளுடைய கணவன் ஜெனிஸ்டன், மொண்டெல்லோவில் தம்பி மகனோடு இருக்கும் முதியவரான சின்யோர் ருஜ்ஜேரோவைப் பராமரிக்கிறவன். முந்தாநாள் பின்னேரம் மழை விட்ட கையோடு சின்யோர் தோட்டத்துக் கதிரையில் போய் இருந்தார். பின்னாலிருந்து ஒரு வெடி. வீட்டின் பின்புறம் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஜெனிஸ்டன் ஓடி வந்தான். சின்யோர் விழுந்து கிடந்தார். உயிர் இருக்கிறது, நினைவு இன்னும் திரும்பவில்லை.

"பாதையிலை சின்யோரின்ரை துவக்குக் கிடந்ததாம். எடுத்தாராம். அந்த நேரம் பக்கத்து வீட்டு சின்யோரா மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்திருக்கிறா. இவர் துவக்கை முகத்துக்கு நேரை உயர்த்தினதைக் கண்டதெண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டா. கையிலை வெடிமருந்தும் இருந்ததாம்."

"சுட்ட துவக்கைத் தொட்டால் கையிலை ஒட்டும்தானே" என்றாள் கேசிகா சூடாக.

"ஆர் கேக்கினம்? வழக்குப் பேச அரசாங்கம் தந்த அவ்வொக்காத்தோ சொல்லுறார், தற்செயலா வெடிச்சதெண்டு ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமாம். இவரும் களைச்சுப் போனார். 'உண்மையைச் சொல்லி என்ன கண்டன், அமலி'யெண்டு கேக்கிறார். ஒத்துக்கொண்டால் மறியலிலை அடைப்பினம். இந்த நாட்டிலை இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவும் போகும். நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

"முகத்துக்கு நேரை உயர்த்தினதைப் பற்றி அவர் என்ன சொல்லுறார்?"

"அப்பிடிச் செய்யவே இல்லையாம். எடுத்தனான், கீழை வைச்சனான், அவ்வளவுதானெண்டு சத்தியம் பண்ணுறார்."

"சத்தியம் பண்ணுறவர் பொய் சொல்லேல்லை, கண்டவவும் பொய் சொல்லேல்லையெண்டு வைச்சால்?" என்று தனக்குள் முணுமுணுத்தார் ஜோக்கிம். "சின்யோர் எந்தக் கைக்காரர், தங்கச்சி?"

"இடக்கை. நான் சமைச்சுக் குடுத்து விடுறனான், கரண்டியும் இடக்கையாலைதான் பிடிப்பார். அந்தத் துவக்கும் தன்ரை தோளுக்கெண்டு சொல்லிச் செய்வித்தது. குழந்தைப்பிள்ளை மாதிரித் துடைப்பார். வீட்டிலை வேறையொருத்தரும் தொடக்கூடாது."

ஜோக்கிம் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார்.

அரசாங்கம் தந்த அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இரண்டு படங்களைக் காட்டினார்கள். ஒன்று துவக்கின் படம். மரக்கட்டையின் மேல் சேற்றுச் செருப்பின் அடையாளம் தெளிவாகப் பதிந்திருந்தது. மற்றது, பிடிபட்ட கையோடு எடுத்த ஜெனிஸ்டனின் முழு உருவம். அமலினியால் அதைப் பார்க்க முடியவில்லை. கன்னங்கள் ஒட்டி, கண்கள் மிரண்டு, நெற்றியில் ஒரு சேற்றுக் கோடு.

"விழுந்திட்டாரோ?" என்றாள் கேசிகா.

"விழுந்தால் முழங்காலிலைதானே சேறு இருக்கும்?" என்றார் ஜோக்கிம். படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

மொண்டெல்லோ வீட்டுக் கதவைத் திறந்தவன் சின்யோரின் தம்பி மகன் கொர்ராதோ. வலக்கன்னத்தில் ஐஸ் சுற்றிய துணி.

"கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வெடி கேட்ட நேரம் மேலே வலியோடு படுத்திருந்தேன்" என்றான். பிறகு மேசையிலிருந்த பிஸ்தாக் கொட்டையை வாயில் போட்டு, வலப்பக்கப் பல்லால் படீரென்று உடைத்தான். "பாவம் என் பெரியப்பா. இந்த வீட்டை விற்றுவிட்டு மலைப்பக்கம் போக இருந்தார். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். இனி எங்கே போகப் போகிறார்!"

அமலினிக்கு அவன் மேல் பாய வேண்டும் போலிருந்தது. ஜோக்கிமோ நன்றி சொல்லிவிட்டு மதிலோரம் போனார். பக்கத்து வீட்டு சின்யோரா நல்ல மனுஷிதான். கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

"முகத்துக்கு உயர்த்தினான். சத்தியம்."

"துவக்கின் குழல் எந்தப் பக்கம் பார்த்தது, சின்யோரா?"

அவள் யோசித்தாள். "எந்தப் பக்கமும் இல்லை. குறுக்கே கிடந்தது. இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். தட்டில் ரொட்டி ஏந்துவது போல."

"தலை?"

"குனிந்திருந்தது. இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே!"

அமலினி அப்படியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ பிடிபட்டும் பிடிபடாமலும் உருண்டது.

ஜோக்கிம் எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, அன்று பின்னேரமே பொலிஸ் இன்ஸ்பெக்டர் அந்தத் துவக்கோடு வந்து சேர்ந்தார். உயரமான, பொறுமையில்லாத பெண். எல்லோரும் கூடத்தில் கூடினார்கள்.

"கெட்டிக்காரத்தனம் காட்டாமல் சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார் அவர்.

"கேசிகா, துவக்கை எடு. கண்ணை மூடி வலத்தோளிலை வை."

கேசிகா வைத்தாள். முகம் சுளித்தது. "கடையிலை மாதிரியேதான் மாமா. இதுவும் இடப்பக்கம் வளைஞ்சது. கன்னத்து எலும்பிலை குத்துது."

"இது சின்யோரின் இடத்தோளுக்குச் செய்தது" என்று ஜோக்கிம் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "வலக்கைக்காரர் சுட்டால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, குறி இடப்பக்கம் தப்பும். பின்னாலிருந்து சுட்ட ஈயச் சன்னங்களில் பாதிக்கு மேல் எங்கே போயின?"

"கதிரைக்கு இடப்பக்கம் நின்ற எலுமிச்சை மரத்தில்."

"அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். இரண்டாவது, சுட்டவருடைய கன்னம் கறுக்கும். ஜெனிஸ்டனும் வலக்கைக்காரர்தான். நீங்கள் எடுத்த படத்தில் அவருடைய கன்னத்தில் ஒரு கீறல் உண்டா?"

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டினார்.

"ஆனால் முகத்துக்கு உயர்த்தினானே!" என்று குறுக்கிட்டான் கொர்ராதோ. "கண்ட சாட்சி இருக்கிறது!"

"ஓம், இருக்குது" என்று தமிழிலேயே சொன்ன ஜோக்கிம், அமலினியிடம் திரும்பினார். "தங்கச்சி, பிள்ளையின்ரை பள்ளிக்கூடப் புத்தகம் தெரியாமல் காலிலை பட்டால் உங்கடை மனுசன் என்ன செய்வார்?"

அமலினியின் வாய் திறந்தது. "தொட்டுக் கண்ணிலை ஒத்துவார்..." பிறகு கத்தினாள். "ஐயோ, எதெண்டாலும் ஒத்துவார் அண்ணை! சோத்துத் தட்டம், அளவுகோல், என்ரை கைப்பை! தான் செய்யிறதே அவருக்குத் தெரியிறேல்லை!"

ஜோக்கிம் இத்தாலிய மொழியில் விளக்கினார். இருட்டு விழுகிற மைம்மல் நேரம். ஓடி வந்தவர், பாதையில் கிடந்த துவக்கை மிதித்துவிட்டார். மரக்கட்டையில் செருப்படி அதனால்தான். தன் முதலாளி ஒருவரையும் தொடவிடாத பொருள் காலில் பட்டுவிட்டது. எங்கள் ஆட்களின் உடம்பு, புத்தி யோசிக்க முன்னமே மன்னிப்புக் கேட்டுவிடும். இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, கண்ணில் ஒற்றினார். கட்டையிலிருந்த சேறு நெற்றிக்கு வந்தது.

"குறி பார்க்கிறவன் நெற்றியில் சேறு பூசுவானா, சின்யோரா இன்ஸ்பெக்டர்?"

பக்கத்து வீட்டு சின்யோரா மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இனிப் பல்லைப் பார்ப்போம்" என்றார் ஜோக்கிம். "கடைவாய்ப் பல் பிடுங்கின பக்கத்தாலேயே பிஸ்தா உடைக்கிற ஆளை நான் இன்றைக்குத்தான் கண்டேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "துணியை எடுங்கள். வாயைத் திறவுங்கள்."

கொர்ராதோ துணியை எடுக்கவில்லை. அவரே எடுத்தார். கன்னத்து எலும்பின் மேல் நாவற்பழ நிறத்தில் ஒரு கண்டல். உள்ளே பற்கள் ஒன்றும் குறையாமல் வரிசையாக இருந்தன.

"விற்கப் போகிறேன் என்றார்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்."

மறுநாள் காலை நீதிபதியின் முன் ஜெனிஸ்டன் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சின்யோரும் கண் திறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. மத்தியானம் மறியல் வாசலில் அமலினி காத்து நின்றாள். வெளியே வந்தவன் பாதி உடம்பாகிப் போயிருந்தான். அவளை நோக்கி எட்டி வைத்த அவசரத்தில், கீழே வைத்திருந்த அவளுடைய கைப்பையை மிதித்துவிட்டான்.

உடனே குனிந்தான். தொட்டான். கண்ணுக்குக் கொண்டுபோன கை நடுவழியில் நின்றது. வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தான். மெல்ல, மிக மெல்லக் கையைக் கீழே இறக்கினான்.

அமலினிக்கு அந்த மூன்று நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. இறங்கிய கையை எட்டிப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்கடை கை ஒரு பிழையும் செய்யேல்லையப்பா" என்றாள். "வாங்கோ, வீட்டை போவம்."

கதை இவ்வளவுதான், கண்மணிகளே. உங்கள் வீட்டிலும், அறியாமலே செய்த ஒரு பழக்கத்தைப் பிறத்தியார் வேறுவிதமாகக் கண்டு வில்லங்கமாகிப் போன சம்பவம் இருக்குமே? யாருக்கு, எங்கே, எப்படி நடந்தது என்று ஒளிக்காமல் எழுதிப் போடுங்கள். ஒன்றுவிடாமல் வாசிப்பேன்.