அளவுக்குப் படுத்தவன்

காலையில் டேப் வைத்து அளந்தபோது அந்தக் குழியின் நீளம் நாலரை அடி. தம்பியின் உயரம் ஐந்தே முக்கால். ஆனாலும் அவன் அதற்குள் காலை நீட்டி ஒய்யாரமாகப் படுத்திருந்தான்.

அவனுடைய அக்கா தொல்லியல் அலுவலகத்தின் சர்வேயர். காப்புக்காட்டுக்குள் கிடந்த பிணம் புதைத்த பழங்காலக் கல்குழிகள் பதினொன்றையும் மாலை நாலு மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். படத்தில் அளவு காட்ட வைக்கும் கோலை வீட்டிலேயே மறந்துவிட்டாள். லீவு நாளில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஜீப் ஓட்டக் கூட்டி வந்ததும் அவள்தான்.

"கோலுக்குப் பதிலா நீ படுடா."

"உனக்கு மட்டும் எங்கிருந்துதான் இப்படி யோசனை வருதோ!"

சிரித்துக்கொண்டே இறங்கினான். ஒரே ஒரு படம் எடுத்தாள்.

"போதும், எழுந்திரு."

"உள்ள ஜில்லுனு இருக்குக்கா. கொஞ்ச நேரம்."

சரியான சோம்பேறி என்று விட்டுவிட்டு அடுத்த குழியைச் சரிபார்க்க மீண்டும் அளந்தாள். காலையில் நாலடி என்று குறித்திருந்தது இப்போது ஐந்தே முக்கால் காட்டியது. அதற்கடுத்ததும் ஐந்தே முக்கால். மழை பார்த்து மூன்று மாதமான அந்தக் காட்டில் எங்கிருந்தோ ஈரமண் வாடை எழுந்து தொண்டையை அடைக்க, காலையிலிருந்து காதைத் துளைத்த சில்வண்டுகள் ஒரேயடியாக ஓய்ந்து, முதுகுக்குப் பின்னால், தொலைவில், கல்லோடு கல் உரசி நகரும் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டது. தம்பி படுத்த குழியோரம் கிடந்த, பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மூடுகல் அது.

அவள் திரும்பினாள். ஓடினாள்.

குழி மூடியிருந்தது. பக்கத்தில் தம்பி சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றான். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அறிவிருக்காடா? எப்படிடா மூடுச்சு?"

தோள் கல்லாகச் சில்லிட்டிருந்தது. அவன் அவள் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டான்.

"நீ முன்னால போக்கா."

ஜீப்பை நோக்கி நடந்தாள். கேமராவைப் பார்த்தாள். அவன் சிரிக்கும் படம். அதற்குப் பின் இன்னொன்று.

அவள் எடுக்காதது.

இருட்டு. முகத்துக்கு ஒரு சாண் மேலே மூடுகல். அதை முட்டித் தள்ளும் இரண்டு கைகள். நகம் பிய்ந்த விரல்கள். மணிக்கட்டில் தம்பியின் கடிகாரம்.

பின்னால் காலடி நின்றது.

உச்சந்தலையில் சில்லென்று தகரம் பட்டது. டேப் சரசரவென்று முதுகு வழியே இறங்கியது. குதிகாலைத் தொட்டது.

"அசையாம நில்லுக்கா."