கயிற்றோரம் நீண்ட கை

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கிறீங்களா? இங்க எல்லாரும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கோம்..."

சொன்ன பிறகுதான் அனுப்பிரியாவுக்கு உறைத்தது. 'எல்லாரும்' என்றாளே தவிர, சேலையூர் கேம்ப் ரோட்டின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நடுங்கிக்கொண்டிருந்தது அவள்தான். கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்த டெஸ்ட்டுக்கு இன்று ரிசல்ட். செம்பாக்கத்து வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் அம்மா அழுவாள், அப்பா சாமியாடுவார்... அதையும் சேர்த்துத் தாங்க இவளால் ஆகாது. டோக்கன் பதினெட்டு.

பக்கத்து நாற்காலிக்காரன் பதறிப்போய்ப் போனின் சத்தத்தை நிறுத்தினான். இயர்போன் மறந்துவிட்டதாம். நிமிர்ந்தான். அடடா, என்ன கண்கள்... வெளியே பெய்த மழை கழுவிவிட்டது மாதிரி. இந்த நேரத்திலும் இதைக் கவனிக்கிறாயே, வெட்கமாக இல்லை? தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெயர் ஜெபின், அஸ்தினாபுரம். பார்த்துக்கொண்டிருந்தது ஜப்பான் மல்யுத்தம். முப்பது வருடப் பழசு, இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். எத்தனையாவது தடவை என்று அவனுக்கே கணக்கில்லையாம். கேட்காமலேயே சொல்லிவிட்டு, போனை அவள் பக்கம் சாய்த்தான்.

வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தாள். நடுவில் ஒருவன் அடி வாங்கிக்கொண்டே இருந்தான். அவனுடைய ஜோடி மேடை மூலையில், சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டினான். இவன் எழுந்தான்... விழுந்தான்... ஊர்ந்தான்... விரல்நுனி எட்டவில்லை. அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"அவன் ஏன் சும்மா நிக்கிறான்? உள்ள போய்க் காப்பாத்த வேண்டியதுதானே?"

"இவன் கை தொட்டாத்தாங்க அவன் உள்ள வரலாம். இப்ப பாருங்க, பொறுக்காம ஓடுவான்..."

ஓடினான். நடுவர் அவனை மறித்து வெளியே தள்ளிய நேரத்தில், முதுகுக்குப் பின்னால் எதிராளிகள் இருவரும் விழுந்தவனைத் துவைத்து எடுத்தார்கள். உதவப் போனதால் கூடுதல் அடி. ஜோடிக்காரன் மூலைக்குத் திரும்பினான். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினான்.

"எல்லாரும் அடி வாங்குறவனைப் பாப்பாங்க. நான் இவனைத்தான் பாப்பேன்," என்றான் ஜெபின். "நிக்கிறதுதாங்க கஷ்டம்."

டோக்கன் பதினெட்டு என்று நர்ஸ் கூப்பிட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். தனியாக வந்தால் டாக்டர் சொல்லமாட்டாராம்.

கூட ஆள் கேட்கிறார்கள் என்றால்... அவ்வளவுதான். அனுப்பிரியாவுக்குக் காது அடைத்தது.

"நான் வரேன்," என்று ஜெபின் எழுந்துவிட்டான்.

"உங்களை யாரு கூப்பிட்டா?"

வெடுக்கென்று வந்துவிட்டது. பாழாய்ப்போன ரோஷம். அவன் முகம் சுருங்கி உட்கார்ந்தான். ஆனால் ஒரு கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியில், உள்ளங்கை தெரியக் கிடந்தது.

கதவு வரை போனாள். அதற்குமேல் கால் வரவில்லை. திரும்பி வந்தாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாதது. அவன் உள்ளங்கையைத் தொட்டாள். அவன் எழுந்தான்.

சாதாரணக் கட்டிதான், மாத்திரை போதும் என்றார் டாக்டர். கூட ஆள் கேட்பது அங்கே எல்லோருக்கும் வழக்கமாம். அறைக்கு வெளியே வந்து அழுது தீர்த்தபோதுதான், அவன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த டோக்கனைக் கவனித்தாள். பதினொன்று.

"உங்க நம்பர் எப்பவோ போயிடுச்சே..."

"ஹார்ட்டுக்கு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டுங்க. எங்க அப்பா நாப்பத்தி ரெண்டு வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. என்னை மூணு தடவை கூப்பிட்டாங்க... எழுந்திருக்க முடியல." நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். "இப்ப நீங்க கிளம்பிடுவீங்களேன்னு அதைவிடப் பயமா இருக்கு."

கிளம்பியிருக்கலாம். மழைகூட விட்டிருந்தது. அனுப்பிரியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனை இழுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

அவன் கை பாதி தூரம் வந்து நின்றது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் தொட்டான். விரல்கள் ஜில்லென்று இருந்தன. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட் எப்படி வந்தாலும் சரி... மீதி மேட்ச்சை நாம சேர்ந்துதான் பாக்குறோம்," என்று சொல்லி, அவனோடு எழுந்தாள்.