மண்ணுக்குள் ஓர் அடி

ஞாயிறு காலை 7.10. கல்வெட்டைக் காணோம்.

ஊர் வரலாற்றுக் கழகத்தார் பதினோரு பேரும் ஆற்றோரத்துப் பழைய பயணியர் விடுதியின் வாசலில் திகைத்து நின்றார்கள். கல் நின்ற இடத்தில் யாரோ மண்ணை நிரவி, நன்றாக மிதித்து வைத்திருந்தார்கள். போன வாரம்தான் அந்தக் கல்லைச் சுற்றி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாளை நகராட்சியில் விசாரணை. விடுதிக்கு நூறு வயது தாண்டியது என்று காட்டினால் அது பிழைக்கும். இல்லையென்றால் இடித்துவிட்டுச் சாலையை அகலமாக்குவார்கள். கல்லைப் பார்த்து வயது சொல்ல நிபுணர் ஒருவர் வருவதாக இருந்தது. விடுதி போனால், பின்னறையில் குடியிருக்கும் காவலாளிக்குப் போக்கிடம் கிடையாது.

8.05. இன்ஸ்பெக்டர் வந்தார். கழகத் தலைவர் புகாரைத் தயாராக எழுதி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். இந்த விடுதியைக் கட்டியவர் தன் கொள்ளுத்தாத்தா என்று புத்தகமே போட்டவர். எதையும் அரைகுறையாக எழுத அவருக்கு வராது.

இன்ஸ்பெக்டர் நேராகக் காவலாளியைப் பிடித்தார்.

"இங்க காவல் யாரு?"

"நான்தாங்க."

"நேத்து எங்க போன?"

"மக வீட்டுக்குங்க. தலைவர் ஐயாதான், போய்ப் பேரனப் பாத்துட்டு வான்னு மத்தியானமே அனுப்பினாரு."

"கல்ல எவ்வளவுக்கு வித்த?"

 பார்த்துக்கொண்டிருந்த கழகத்து டேப் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் நில அளவையராக இருந்தவர். கைப்பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். நாற்காலியைக்கூட அளந்துவிட்டுத்தான் அக்கா உட்காருவார் என்பது கழகத்தில் பழைய கேலி.

இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் புகாரைப் படித்தார். 'சன்னமான பலகைக்கல். உயரம் மூன்றரை அடி, அகலம் ஒன்றேகால் அடி.' தன் நோட்டைப் புரட்டினார். போன வாரத்துக் குறிப்பில் அகலம் ஒன்றேகால், உயரம் இரண்டரை.

"அண்ணே, ஒரு கரண்டி இருந்தா குடுங்க" என்று காவலாளியிடம் கேட்டு வாங்கி, மிதித்த மண்ணைத் தோண்டினார். இளகிய மண் தீர்ந்து கெட்டித்தரை தட்டியது. நாடாவை இறக்கினார். சரியாக ஓர் அடி.

8.40. டேப் அக்கா தலைவரிடம் போனார்.

"சார், கல்லு மூணரை அடின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் புத்தகத்துலயே இருக்கேம்மா."

"புத்தகத்துல இரண்டரைதான் சார். நானும் அளந்திருக்கேன்."

"அவசரத்துல கை தவறியிருக்கும்."

"சரியா ஒரு அடியா தவறும்? அந்த ஒரு அடி மண்ணுக்குள்ள இருந்துது. இப்பதான் அளந்தேன். புகார் எழுதுறப்போ குழி மூடியிருந்துது. கல்லப் பிடுங்கி வெளிய போட்டவருக்குத்தான் அதோட முழு உயரம் தெரியும்."

இன்ஸ்பெக்டர், வாசலோரம் நின்ற தலைவரின் காரைத் திறக்கச் சொன்னார். பின்பக்கம், கோணிக்கு அடியில் கல் நான்கு துண்டாகக் கிடந்தது. அடித்துண்டின் முகம் மட்டும் எழுத்தே தெரியாதபடி கொத்தப்பட்டிருந்தது.

"நல்ல எண்ணத்துலதாம்மா தோண்டினேன்" என்றார் தலைவர், உடைந்துபோய். "அடியில வருஷம் இருக்கும், நாளைக்கு ஆதாரமாகும்னு. இருந்துது. நூத்திமுப்பது வருஷம். கூடவே கட்டினவ பேரும் இருந்துது. ஆத்துல துணி வெளுத்துக்கிட்டிருந்த ஒரு பொம்பள. எங்க கொள்ளுத்தாத்தா இல்ல. நிபுணர் வந்தா தோண்டாம விடுவாரா? மூணு பதிப்பு வந்த புத்தகம்மா. நான் யார் மூஞ்சில முழிக்கிறது?"

"அதுக்கு இவர ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே!" என்றார் டேப் அக்கா, காவலாளியைக் காட்டி.

 காவலாளி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு இந்த எடம் தப்பிச்சிருமாங்க?"

"நான் வந்து சொல்றேன்" என்றார் தலைவர் அவசரமாக. "பேரு, வருஷம், எல்லாத்தையும் சொல்றேன்."

"கல்ல உடைச்சவர் வாயால வர்ற வருஷத்த எவன் சார் நம்புவான்?" என்றார் டேப் அக்கா.

 ஜீப் தலைவரை ஏற்றிக்கொண்டு போனது. கழகத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். காவலாளி பின்னறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

டேப் அக்கா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'விடுதி' என்று எழுதினார்.

"அண்ணே, மூட்டைய அப்புறம் கட்டலாம். வந்து இந்த நாடா நுனியக் கொஞ்சம் பிடிங்க. கட்டடம் இருக்கிறப்பவே அளந்து வெச்சிடுவோம்."

காவலாளி வந்து பிடித்தார்.