அந்தியில் தலை முழுகியவள்

மேற்கே செவ்வானம் மெல்லக் கருக, கீழ்வானில் முழுநிலவு எழுந்து வெள்ளாற்றின் பரந்த நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்த அந்த அந்திப் பொழுதில், நல்லாற்றூர்க் கோட்டையின் அந்தப்புர மாடத்தில் நின்ற சிங்கவல்லிக்கு அந்த அழகு கொஞ்சமும் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும், வாசகர்களே? விருந்துக்கு வா என்று பல்லக்கு அனுப்பி அழைத்தவர்கள், பல்லக்கு உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவளுடைய தந்தை தென்கரைக் கோட்டையில் காயம்பட்டுப் படுத்திருந்தார். நல்லாற்றூர் இளவரசன் விடங்கனுக்கு அவளை மணமுடித்துவிட்டால் தென்கரைக் கோட்டை சீதனமாக வந்து சேரும் என்பது இளவரசனின் சிற்றப்பரும் அவன் பெயரால் ஆட்சி நடத்தியவருமான வாளுவராயரின் எண்ணம். நல்லவர்தாம் அவர், பிறர் கோட்டையைக் கண்டால் மட்டும் கொஞ்சம் சபலம்.

சிறைப்பட்டவள் சும்மா இருக்கவில்லை. அந்தப்புரத்து மாதர்கள் எந்த வீட்டில் பிறந்தவர்கள், எந்த உறவின் வழியாக இங்கே வாழ வந்தவர்கள் என்று பேச்சுக்கொடுத்துத் துருவிக்கொண்டே இருந்தாள். சிக்கு விழுந்த கூந்தலைப் பிரிப்பது போன்ற வேலை அது. எங்கேனும் ஓர் இழை தன் குலத்தைத் தொட்டால், தனக்காக வாய் திறக்க ஒருத்தி கிடைப்பாள் அல்லவா? கிடைக்கவில்லை. வாளுவராயரின் மனைவி பாண்டி நாட்டவள். விடங்கனின் அன்னை, கணவரை இழந்த சோமாதேவி, கொங்கு நாட்டுச் சிற்றரசர் மகள். அந்தச் சோமாதேவிக்கோ இவளைக் கண்டாலே ஆகாது போலும். நிச்சயத்துக்கு நாள் பார்க்கும்போதெல்லாம் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். தலையில் தண்ணீரே படக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

மாடங்களில் விளக்கேற்றும் நேரத்தில் வாளுவராயர் வந்தார்.

"மகளே, இந்தக் கோட்டைக்குத் தலைமுறைப் பகைவரான உன் தாய்மாமன் மாறவேள் உன்னை மீட்க வந்து, இன்று ஆற்றுத் துறையில் நம் வீரர்களோடு பொருது வீழ்ந்தார்" என்றார். வருத்தம் அந்தக் குரலில் மருந்துக்கும் இல்லை. "தீட்டுக் கழிந்த மறுநாளே நிச்சயம். தடை சொல்ல உன் தாய் வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்?"

சிங்கவல்லிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தாயை இழந்த நாள் முதல் அவளுக்குத் தாயும் அந்த மாமன்தான். அவருக்காகத் தலை முழுக, அழுதுகொண்டே தாமரைக் குளத்துக்கு ஓடினாள்.

படித்துறையில் அவளுக்கு முன்பே ஒருத்தி முழுகி எழுந்து நின்றாள். நிலவொளியில் ஈரக் கூந்தல் முதுகெல்லாம் ஒட்டிக் கிடந்தது. சோமாதேவி!

"தேவி, தங்களுக்கு யார் இறந்தார்கள்?"

"யாரும் இல்லை, பெண்ணே. காய்ச்சல் விட்டது, குளித்தேன்."

"விளக்கு வைத்த பிறகா? கொங்கு நாட்டிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லையே. இன்று இந்தக் கோட்டைக்கு வந்த சாவுச் செய்தி ஒன்றுதான். அது என் மாமனுடையது."

சோமாதேவி சட்டென்று படியில் அமர்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

"அவர் என் அண்ணன், சிங்கவல்லி! பரிசில் கவிழ்ந்து வெள்ளாற்றோடு போனாள் என்று உன் அன்னை ஒரு தங்கையைப் பற்றிச் சொல்லியிருப்பாளே?"

"நீலவேணிச் சிற்றன்னை..."

"என்னைக் கரையேற்றியவர் இந்தக் கோட்டைக்கு உரியவர். அவரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பகை வீட்டுப் பெண்ணை இங்கே ஏற்பார்களா? கொங்கு நாட்டு நண்பர் ஒருவரின் மகள் என்று சொல்லி மணந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் என் மகனுடைய பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணனுக்குத் தங்கையையே கட்டிவைத்த பாவம். அதனால்தான் காய்ச்சல், காய்ச்சல் என்று நாளைக் கடத்தினேன். இனி எதைச் சொல்லிக் கடத்துவேன்?"

தேடிய இழை கிடைத்துவிட்டது! கூவிச் சொன்னால் போதும், விடுதலை. ஆனால் எதிரே அழுபவள் தன் தாயின் சாயலில் அல்லவா அழுகிறாள்?

"என் வாயால் இதைச் சொல்லமாட்டேன். மாமன்மேல் ஆணை" என்றாள் சிங்கவல்லி. கோட்டைக் கதவு போதாதென்று, தானே இன்னொரு கதவையும் சாத்திக்கொண்டாள் அந்தப் பேதை.

தீட்டுக் கழிந்தது. கொலுமண்டபத்தில் குலப்பெரியோர் கூடினர். மணமகன் வீட்டார் ஒரு புறம் நிறைந்திருக்க, எதிர்ப்புறத்தில் சிங்கவல்லி தன்னந்தனியே அமர்ந்திருந்தாள். அவள் கண்கள் சோமாதேவியை மட்டுமே பார்த்தன. அவளோ தலை நிமிரவில்லை.

"பெண் வீட்டார் சார்பில் தாம்பூலம் வாங்குவது யார்?" என்று கேட்டார் முதியவர் ஒருவர்.

"யாரும் இல்லாவிட்டால் என்ன? பெண்ணே வாங்கட்டும்!" என்றார் வாளுவராயர்.

தட்டு நீண்டது. சிங்கவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது சோமாதேவி எழுந்தாள். மண்டபத்தின் நடுவே தயங்கித் தயங்கி நடந்து, எதிர்ப்புறம் சென்று, சிங்கவல்லியின் அருகில் உட்கார்ந்தாள்.

"பெண் வீட்டில் நான் இருக்கிறேன். இவள் தாயும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மாறவேள் என் தமையனார். இந்தத் தாம்பூலத்தை நான் வாங்கமாட்டேன்."

பெரியோர் பதறி எழுந்தனர். வாளுவராயரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"அப்படியானால் விடங்கன் பகை வீட்டுப் பெண்ணின் மகன். இந்தப் பீடம் அவனுக்கு உரியதன்று!"

விடங்கன் அன்னையை ஒரு கணம் பார்த்தான். கழுத்து மாலையைக் கழற்றினான். பிறகு முத்திரை மோதிரத்தையும் கழற்றி வாளுவராயர் முன்னே வைத்தான்.

"பீடத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள், சிற்றப்பா. கோட்டைக் கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும்."

வாளுவராயரின் கை மோதிரத்தை நோக்கி நீண்டது. கதவு திறந்தது.

வாசலைத் தாண்டும்போது சிங்கவல்லி திரும்பிப் பார்த்தாள். தாயும் மகனும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் நிற்கிறீர்கள், அண்ணா?" என்றாள் அவள். "சிற்றன்னையை அழைத்துக்கொண்டு வாருங்கள். அக்காள் வீடும் அவர்களுக்குப் பிறந்த வீடுதானே!"