பொய் சொல்ல ஆட்கள் தேவை

"ஐயோ... என் லேப்டாப்!"

தேவதர்ஷினி அலறினாள்.

நல்ல அலறல்தான். தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரே ஒரு குறை... திருடன் போய்க் கால் மணி நேரம் கழித்து அலறினாள்.

அவன் போகும்போது கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி!

நடந்தது இதுதான்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரி. மாடியில் எம்.எஸ்ஸி. காக்னிட்டிவ் சயின்ஸ் வகுப்பு. மனித மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படி மறக்கிறது, எப்படி ஏமாறுகிறது என்று படிக்கிற படிப்பு. இன்ஜினீயரிங் முடித்தவர், தத்துவம் படித்தவர், மொழியியல் படித்தவர் என்று கதம்பமாகச் சேர்த்து ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

புரொபசர் லோகநாயகி பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது.

மே மாத வெயிலில் மங்கி கேப் போட்ட ஒருவன். கையில் கத்தி.

"எவனும் எந்திரிக்கக் கூடாது. குத்திடுவேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பேனாவைத்தான் எடுத்தார்கள்.

காரணம் உண்டு. போன மாதம் இதே வகுப்புக்குள் ஒரு பெண் ஓடிவந்து லோகநாயகியின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வகுப்பே பதறியது. கடைசியில் பார்த்தால் நாடகம்! சாட்சிகளின் ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க மேடமே செய்த ஏற்பாடு. அன்று அத்தனை பேரும் அசடு வழிந்தார்கள்.

மறுபடி ஏமாறுவார்களா? இந்த முறை உஷார்.

அவன் முன் பெஞ்சிலிருந்த லேப்டாப் பையைத் தூக்கினான். அது தேவதர்ஷினியுடையது. அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"சார்ஜரையும் எடுத்துக்கங்க."

அவன் ஒரு கணம் முழித்தான். வாங்கிப் பாக்கெட்டில் திணித்தான். ஓடினான். பின்னால் கைதட்டல்...

பார்த்ததையெல்லாம் ஆளாளுக்கு மும்முரமாக எழுதி முடித்தார்கள்.

"நடிப்பு ஓகே மேடம். காஸ்ட்யூம்தான் ஓவர்," என்றான் தத்துவம் படித்த பத்ரி.

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை ஏன்ப்பா என்கிட்ட சொல்றே? இது உங்க பசங்க பிராஜெக்ட்தானே?"

சிரிப்பு நின்றது.

அப்புறம்தான் அந்த அலறல்.

---

சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிவேல் வந்தார். கதையைக் கேட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, கத்தியோட ஒருத்தன் வர்றான். நீ சார்ஜர் எடுத்துக் குடுத்தியா?"

"சார்ஜ் கம்மியா இருந்துச்சு சார்," என்றாள் தேவதர்ஷினி பரிதாபமாக.

"சரி. லேப்டாப்ல என்ன இருந்துச்சு?"

"நாப்பது பேரோட மூளை சார்."

வெற்றிவேல் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. எனக்கு பி.பி. இருக்கு."

"மூளையோட பதிவு சார். ஒவ்வொருத்தரையா உக்கார வச்சு எடுத்தது. என் தீசிஸே அதுதான். இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள குடுக்கணும். இல்லன்னா ஒரு வருஷம் போச்சு."

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

"அது அவங்களோட அந்தரங்கம் சார். நெட்ல ஏத்தக்கூடாது, இன்னொரு மிஷின்ல போடக்கூடாதுன்னு காலேஜ்ல என்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க."

அவள் போன் அடித்தது. அப்பா தனக்கோடி. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை.

"இன்னாமா, குடுத்துட்டியா?"

"குடுக்கப் போறேன்ப்பா..."

"ஐ.டி. வேலைய வுட்டுட்டு மூளையப் படிக்கப் போச்சாமே உன் பொண்ணுன்னு கடைக்கு வர்றவன் அல்லாம் நக்கல் பண்ணிகினு கீறான். இன்னியோட அவனுங்க வாய மூடிடணும். பிரியாணிக்கு சொல்லிட்டேன்."

"சரிப்பா."

போனை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. கேலி பேசுகிறவர்களை அவள் சட்டை செய்ததில்லை. ஆனால் அப்பா அவர்களிடம் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் நிஜமாகவே பயமாக இருந்தது.

வெற்றிவேல் அதைக் கவனித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆள் எப்படி இருந்தான்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"ஆறடி சார்."

"குள்ளம் சார்."

"நீல சட்டை."

"சட்டையா? டீ ஷர்ட்."

"கத்தி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு சார்," என்றாள் மொழியியல் சுப்ரஜா. "மரக் கைப்பிடி. நுனி மழுங்கல்."

"ஆமா சார்," என்றது மொத்த வகுப்பும்.

"கத்தியை அரெஸ்ட் பண்ண முடியாதும்மா."

"கத்தியக் காட்டினா மூஞ்சியப் பாக்க மாட்டோம் சார். மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆனா அவன் பேச்சக் கேட்டேன். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல உள்ள ஆள்."

"ரொம்ப நல்லது. அங்க ஒரு நாலஞ்சு லட்சம் பேர்தான் இருப்பாங்க."

பத்ரி கையைத் தூக்கினான். "சார், அப்படி ஒருத்தன் வந்தான்னே நாம எப்படி நிச்சயமா சொல்றது?"

"தம்பி, உன்கிட்ட நான் அப்புறம் வர்றேன்."

கீழே கேட்டைக் காவல் காத்த சாலமோன் மேலே வந்தார்.

"சார், நம்ம பில்டிங்ல இருந்து யாரும் வெளிய போவல. மேல ஏதோ கைதட்ற சத்தம் கேட்டு நான் படியேறி வந்தேன். அப்பவும் எதிர்ல ஆள் வரல. இருக்கறது ஒரே படிதான்."

வெற்றிவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தார்.

"அப்ப உள்ளதான் இருக்கான்!"

தேடினார்கள். வகுப்பறைகள், பாத்ரூம், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி... ஆள் இல்லை.

மிச்சம் ஒரே ஒரு அறை. வகுப்புக்கு அடுத்த கதவு. கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவில் ஒரு நோட்டீஸ்.

'பொய் சொல்ல ஆட்கள் தேவை. டீ, சமோசா இலவசம்.'

வெற்றிவேல் கைப்பிடியில் கை வைத்தார். லோகநாயகி குறுக்கே வந்து நின்றார்.

"சார், தொடாதீங்க. சிவப்பு பல்பு எரிஞ்சா நான்கூட திறக்க மாட்டேன்."

"உள்ள என்ன மேடம் நடக்குது?"

"அனிருத்னு என் ஸ்டூடண்ட். பொய் சொல்றப்போ மூளை என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்றான். தலையில வயர் மாட்டி ஒருத்தர உக்கார வச்சிருப்பான். கதவு சத்தம் கேட்டாலே பதிவு கெட்டுடும். பாவம், ஒரு மாசமா ஆள் கிடைக்காம இன்னைக்குத்தான் ஒரு வாலண்டியர் வர்றதா ஒத்துக்கிட்டாங்க."

வெற்றிவேல் கையை எடுத்துவிட்டார். தேவதர்ஷினி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சாரி... சாரி... குரோம்பேட்டைல பஸ் நகரவே இல்ல. நான் மிருதுளா, பி.காம். அனிருத் அண்ணா ரொம்பக் கோவமா இருக்காரா?"

"எதுக்கும்மா?" என்றார் லோகநாயகி.

"பொய் சொல்ல வரச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தார் மேடம், என் பேரக்கூடக் கேக்கல. நான்தான் வாலண்டியர்."



தேவதர்ஷினி மிருதுளாவைப் பார்த்தாள். சிவப்பு பல்பைப் பார்த்தாள்.

"நீ இங்க இருக்கே... அப்ப உள்ள யாரு?"

பாய்ந்து எழுந்தாள். விதியாவது, பல்பாவது! கதவை ஒரே தள்ளு.

---

உள்ளே ஏசி குளிரில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வயர் முளைத்த தொப்பி. நெற்றியில் கோந்து வழிந்துகொண்டிருந்தது. மடியில் லேப்டாப் பை. பக்கத்து மேஜையில் மங்கி கேப்பும் பாதி தின்ற சமோசாவும்.

"யாரு கதவத் திறந்தது? பல்பு எரியறது தெரியல?" என்று எகிறினான் அனிருத்.

வெற்றிவேல் உட்கார்ந்திருந்தவனை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, லேப்டாப் ஏகநாதனா? எப்படா இங்க சேந்தே?"

ஏகநாதன் அழாத குறை.

"வாச்மேன் படியேறி வர்றாரு சார். என்னா பண்றதுன்னு முழிச்சிகினு நிக்கறேன். இந்தத் தம்பி கதவத் தொறந்து 'ஏன் லேட்டு, உள்ள வாங்க'ன்னுச்சு. ஒளிஞ்சிக்கலாம்னு பூந்தேன். தலையில கோந்த ஊத்தி வயர மாட்டிடுச்சு. எந்திரிச்சா ஷாக் அடிக்குமோன்னு பயந்துகினு குந்திகினு கீறேன்."

"மேடம், இந்த ஆளால என் எக்ஸ்பெரிமெண்ட்டே போச்சு," என்றான் அனிருத். "'பர்ஸ் திருடினீங்களா, லேப்டாப் திருடினீங்களா'ன்னு கேப்பேன், எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு பொய் சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். இவர் ஸ்கிரீன்ல ஓடற கோடப் பாத்துப் பயந்து 'ஆமா'ங்கறாரு. போன வாரம் பல்லாவரம், அதுக்கு முன்னால மேடவாக்கம்னு சொல்லிக்கிட்டே போறாரு. வாயத் திறந்தா உண்மைதான் வருது."

ஏகநாதன் வெற்றிவேலைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், என்னை ஸ்டேஷனுக்கு இட்டுகினு போயிடுங்க. உண்மைய சொன்னா நீங்க அடிக்காம வுட்டுடுவீங்க. இவரு உண்மைய சொன்னாத்தான் சார் திட்றாரு."

தேவதர்ஷினி பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். திறந்து பார்த்தாள். நாற்பது பேரின் மூளையும் பத்திரம். ஆனால் ஓரத்தில் பேட்டரி சிவப்பில் துடித்தது.

ஏகநாதன் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

"இந்தா பாப்பா, சார்ஜர்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தாங்க்ஸ் என்று அவனுக்கே சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமை நோக்கி ஓடினாள். கேம்ப் ரோட்டில் இன்று பிரியாணி உறுதி!

வெற்றிவேல் ஏகநாதனின் தலையிலிருந்து வயர்த் தொப்பியைக் கழற்றினார். தோளைப் பிடித்து எழுப்பினார். அனிருத் வாசலை மறித்துக்கொண்டு கெஞ்சினான்.

"சார், ப்ளீஸ். ஒரே ஒரு பொய் சொல்லிட்டுப் போகட்டும் சார். என் தீசிஸ் சார்..."

வெற்றிவேல் கக்கத்தில் இருந்த தன் போலீஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கோர்ட்டுக்கு வந்து இவனுக்கு வயர மாட்டு தம்பி. அங்க பேரக் கேட்டாலே பொய்தான் சொல்லுவான்."